வாசனைக்கு மயங்கும் ஈ!



உங்களிடம் ஒரு கேள்வி. தளதளவென்று மஞ்சள் நிறத்தில் ஒரு மாம்பழம் இருக்கிறது. தோலில் ஓட்டை இல்லை, கீறலும் இல்லை. ஆசையாக நறுக்கினால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் நெளிகின்றன! கதவே இல்லாத வீட்டுக்குள் திருடன் எப்படி நுழைந்தான்?

"மழையில் நனைந்த பழம், அதனால்தான் புழு வைத்துவிட்டது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். மழைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ஆனால் மழையிலிருந்து புழு பிறப்பதில்லை. இது ஓர் ஈ செய்யும் வேலை. அதன் பெயர் பழ ஈ. அந்த ஈயைப் பிடிக்க மனிதன் கண்டுபிடித்த ஆயுதமோ வெறும் வாசனை! அந்தக் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

ஈயின் அடையாளம்

வாழைப்பழத் தாரைச் சுற்றிக் கொசு போலப் பறக்கும் மிகச் சிறிய பூச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். நாம் சொல்லும் பழ ஈ அதுவல்ல. இது ஏறக்குறைய வீட்டு ஈயின் அளவில் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் சிறு குளவி போலத் தோன்றும். கண்ணாடி போன்ற இறக்கை, அதன் ஓரத்தில் கறுப்புக் கோடு, முதுகின் இரு பக்கமும் மஞ்சள் பட்டை, வயிற்றின் மேல் ஆங்கில எழுத்து 'டி' போல ஒரு கறுப்புக் குறி. இவைதான் அங்க அடையாளங்கள். விஞ்ஞானிகள் இதற்கு வைத்திருக்கும் பெயர் பாக்ட்ரோசெரா டார்சாலிஸ்.

பெண் ஈயின் வயிற்று நுனியில் ஊசி போன்ற ஓர் உறுப்பு உண்டு. காய் முற்றிப் பழுக்கத் தொடங்கும் நேரத்தில் பெண் ஈ அதன் மேல் உட்கார்ந்து, ஊசியைத் தோலுக்குள் செலுத்தி முட்டைகளை வைத்துவிடும். டாக்டர் போட்ட ஊசியின் தழும்பு எப்படி நம் கையில் சட்டென்று தெரியாதோ, அப்படித்தான் பழத்திலும் தெரியாது. ஒன்றிரண்டு நாளில் முட்டை பொரித்து, புழு சதையைத் தின்று வளரும். பழம் அழுகி மரத்திலிருந்து விழும். வளர்ந்த புழு பழத்தை விட்டு வெளியே வந்து, மண்ணுக்குள் சில அங்குல ஆழத்தில் கூட்டுப்புழுவாக உறங்கும். பத்து நாள் போல ஆனதும் புதிய ஈயாக வெளியே வரும். முட்டை ஈயாக மாறச் சுமார் மூன்று வாரம் போதும். ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். அப்படியானால் ஒரு மாம்பழப் பருவத்துக்குள் எத்தனை தலைமுறை, எத்தனை ஈ என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்!

(மாங்கொட்டைக்குள் சில நேரம் கறுப்பு வண்டு ஒன்று இருக்குமே, அது வேறு பூச்சி. அதற்கும் பழ ஈக்கும் உறவு கிடையாது.)

மாம்பழ மண்

நம் தர்மபுரி மாவட்டத்தில் காரிமங்கலம், பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் போனால் மாந்தோப்புகளைப் பார்க்கலாம். 2004-ம் ஆண்டு பிப்ரவரியில் தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கிருஷ்ணகிரியில் தோப்புகள் இன்னும் அதிகம். அங்கே போச்சம்பள்ளியை அடுத்த சந்தூர் மாங்கன்றுகளுக்குப் பேர் போன ஊர். செந்தூரா, பங்கனபள்ளி, அல்போன்சா, மல்கோவா, நீலம் எனப் பல ரகங்கள் இந்தப் பக்கம் விளைகின்றன. மூக்கு வளைந்த பெங்களூரா மாம்பழம் கூழ் ஆலைகளுக்குப் போகிறது. நீங்கள் கடையில் வாங்கிக் குடிக்கும் மாம்பழ பானத்தில் நம் ஊர்ப் பழத்தின் கூழும் கலந்திருக்கலாம்.

முதலில் வரும் ரகங்களை விட, ஜூன், ஜூலையில் கடைசியாக வரும் நீலம் போன்ற ரகங்களில் பழ ஈயின் தொல்லை அதிகம். காரணம் என்ன? அதற்குள் ஈக்கள் பல மடங்கு பெருகியிருக்கும். கோடை மழையும் பெய்து மண் ஈரமாகிவிடும். பழுத்த பழமும் எங்கும் கிடைக்கும். பெரியவர்கள் மழையைக் குறை சொன்னது இதனால்தான்.

கைக்குட்டையில் கிடைத்த துப்பு

ஈயை வாசனையால் பிடிக்க உதவிய ஒரு முக்கியத் துப்பு கிடைத்தது நம் இந்தியாவில்தான் என்பது உங்களுக்குத் தெரியுமா?

பீகார் மாநிலத்தில் பூசா என்ற ஊர் இருக்கிறது. 1905-ல் அங்கே ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1934-ல் பீகாரில் வந்த பெரும் நிலநடுக்கத்தில் அதன் கட்டடம் இடிந்ததால், நிலையம் டெல்லிக்கு மாறியது. டெல்லியில் அது இருக்கும் இடத்தையும் இன்றுவரை பூசா என்றே அழைக்கிறார்கள்.

பீகார் பூசாவில் ஹவ்லெட் என்ற ஆங்கிலேயப் பூச்சியியல் அறிஞர் வேலை பார்த்தார். கொசுவை விரட்டக் கைக்குட்டையில் சிட்ரோனெல்லா என்ற புல் எண்ணெயைத் தடவினால் ஈக்கள் வந்து மொய்க்கின்றன என்று அண்டை வீட்டுக்காரர் ஒருவர் சொன்னது அவர் காதில் விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் "அப்படியா?" என்று கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். ஹவ்லெட் போகவில்லை. வந்த ஈக்களைப் பிடித்துப் பார்த்தார். அவை பழ ஈக்கள். அதுமட்டுமா? எல்லாமே ஆண் ஈக்கள்! பெண் ஈ ஒன்றுகூட இல்லை.

1912-ல் இதை அவர் கட்டுரையாக வெளியிட்டார். அந்த எண்ணெயில் பல பொருள்கள் கலந்திருக்கின்றன. அவற்றில் எது ஈயை இழுக்கிறது என்று தொடர்ந்து தேடினார். விடை கிடைத்தது. அதன் பெயர் மெத்தில் யூஜினால். 1915-ல் அந்த முடிவும் வெளிவந்தது. கூர்ந்து கவனித்தால் ஒரு கைக்குட்டைகூடப் பாடம் சொல்லும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

துளசியிலும் உண்டு

மெத்தில் யூஜினால் என்றதும் ஏதோ வெளிநாட்டு மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். நம் வீட்டுத் துளசியில் அது இருக்கிறது. சித்திரை மாதம் மஞ்சள் சரம் சரமாகப் பூக்கும் சரக்கொன்றைப் பூவிலும் இருக்கிறது. கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜினாலும் இதுவும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் மாதிரி. யூஜினாலில் சிறு மாற்றம் செய்து தொழிற்சாலையில் மெத்தில் யூஜினாலைத் தயாரிக்கிறார்கள். செடியில் துளித்துளியாக இருப்பதை இப்படி லிட்டர் கணக்கில் செய்ய முடிவதால்தான், அது உழவர்கள் வாங்கும் விலையில் கிடைக்கிறது.

சரி, ஆண் ஈக்கு மட்டும் ஏன் இந்த மயக்கம்? ஆண் ஈ இந்தப் பொருளை ஆவலோடு நக்கித் தின்னும். அதை உடலுக்குள் மாற்றி ஒரு வாசனைப் பொருளாகச் சேமித்து வைக்கும். மாலை மங்கும் நேரத்தில் அந்த மணத்தை வெளியே பரப்பினால் பெண் ஈக்கள் அதை நாடி வரும். மாப்பிள்ளை அத்தர் பூசிக்கொள்வது போலத்தான்! அரை கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தாலும் ஆண் ஈ இந்த வாசனையைத் தேடி வந்துவிடும் என்று கண்டிருக்கிறார்கள்.

பாகல், புடலை, பீர்க்கு போன்ற கொடிக் காய்களைத் துளைப்பது இதன் சொந்தக்கார ஈ. அது மெத்தில் யூஜினாலைத் திரும்பியும் பார்க்காது. அதற்காக ஆய்வுக்கூடத்தில் தயாரித்த வேறொரு வாசனை, கியூ லூர். இது 1960-ல் வந்தது. ஆளுக்கொரு சுவை என்பது ஈக்களுக்கும் பொருந்தும்!

பொறி எப்படி வேலை செய்கிறது?

தோப்பில் மரக்கிளையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா தொங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதுதான் இனக்கவர்ச்சிப் பொறி. டப்பாவின் பக்கங்களில் ஈ நுழையும்படி ஓட்டைகள் இருக்கும். உள்ளே சுமார் 5 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பிளைவுட் துண்டு தொங்கும். மெத்தில் யூஜினாலும் பூச்சிக்கொல்லியும் கலந்த திரவத்தில் அதை ஊற வைத்திருப்பார்கள். வாசனைக்கு வரும் ஈ துண்டை நக்கியதும் மயங்கி டப்பாவின் அடியில் விழுந்துவிடும். பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இந்த முறையை மாந்தோப்புகளுக்கு ஏற்றபடி செய்து பரப்பியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இதைப் பரிந்துரைக்கிறது. தர்மபுரி உழவர்கள் பாப்பாரப்பட்டியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் இதுபற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இதில் பெரிய நன்மை ஒன்று உண்டு. மருந்தை மரம் முழுக்கத் தெளித்தால் அது பழத்தின் மேலும் படியும்; தேனீயையும் கொல்லும்; தெளிப்பவர் மூக்கிலும் ஏறும். பொறியில் நஞ்சு டப்பாவுக்குள்ளேயே இருக்கிறது. தேனீக்கு இந்த வாசனையில் நாட்டம் இல்லை.

பொறிக்கு இரண்டு வேலைகள். ஒன்று, ஈயைப் பிடிப்பது. மற்றொன்று, ஈ வந்துவிட்டதா, எத்தனை வருகிறது என்று துப்புச் சொல்வது. ஊருக்கு ஒரு காவல்காரர் போலத் தோப்புக்கு அது காவல். வெறும் கணக்குப் பார்க்க ஒரு தோப்பில் சில பொறிகளே போதும். ஈயை ஒழிக்க வேண்டுமானால் ஏக்கருக்குப் பத்து வரை கட்ட வேண்டும்.

கரும்பலகையில் ஏறிய ஈக்கணக்கு

நான் வேலை பார்த்த ஒரு கிராமப் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை சிறிய மாந்தோப்பு வைத்திருந்தார். எங்கள் பக்கம் மாம்பழம் விற்கும் மாதமும் பள்ளிக்கூடம் திறக்கும் மாதமும் ஒன்றுதான். பழம் விற்ற காசில்தான் பல வீடுகளில் நோட்டுப் புத்தகமும் புதுச் சட்டையும் வாங்குவார்கள். அந்த வருடம் அவர் ஏற்றிச் சென்ற நீலம் பழத்தில் புழு இருக்கிறது என்று வண்டியோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் பள்ளி திறந்து பல நாள் கழித்து, பழைய நோட்டில் மீந்த தாள்களைத் தைத்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

மறு வருடம் அவர் பொறி கட்டினார். ஆனாலும் பழத்தில் புழு குறையவில்லை. "சார், பொறி நிறைய ஈ விழுது. அப்புறமும் ஏன் சார் புழு வருது?" என்று அவள் வகுப்பில் கேட்டாள். நல்ல கேள்வி! பதிலை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பொறியில் விழுந்தவை எல்லாம் ஆண் ஈக்கள். புழு வைப்பதோ பெண் ஈ. ஆணே இல்லாவிட்டால் பெண் இடும் முட்டை பொரிக்காது. ஆனால் ஓர் ஆண் ஈ பல பெண் ஈக்களோடு சேரும் என்பதால், பாதி ஆண்களைப் பிடித்தால் போதாது. அநேகமாக எல்லாவற்றையும் பிடிக்க வேண்டும். அடுத்து, பக்கத்துத் தோப்பில் பொறி இல்லை. அங்கே உதிர்ந்த பழங்கள் அப்படியே அழுகிக் கிடந்தன. அங்கே இணை சேர்ந்த பெண் ஈக்கள் வேலியைத் தாண்டி இங்கே வந்து முட்டை வைத்தன. ஈக்கு வேலி ஏது? பட்டா ஏது?

மாணவர்கள் வாரம் ஒரு நாள் அவள் தந்தையோடு தோப்புக்குப் போனார்கள். அவர் பொறியைத் திறந்து ஈக்களைத் தாளில் கொட்டுவார். பிள்ளைகள் தள்ளி நின்று எண்ணிக் கரும்பலகையில் கட்டம் போட்டு வரைவார்கள். முதலில் விரல் விட்டு எண்ணினோம். மழை பெய்த பிறகு எண்ணி மாளவில்லை. அந்தப் படத்தை ஒரு பெரிய தாளில் வரைந்து, பிள்ளைகள் அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்களிடம் காட்டினார்கள். "இத்தனை ஈயா!" என்று அவர்கள் வாயடைத்துப் போனார்கள். அடுத்த பருவத்தில் நான்கைந்து தோப்புக்காரர்கள் சேர்ந்தே பொறி கட்டினார்கள். உதிர்ந்த பழங்களையும் பொறுக்கிக் குழியில் போட்டு மண்ணால் மூடினார்கள். அந்த வருடம் புழுப் பழம் நன்றாகவே குறைந்தது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்பது இதுதான்.

உலகம் செய்தது

இதையே பெரிய அளவில் செய்து காட்டிய தீவுகள் உண்டு. பசிபிக் கடலில் ரோட்டா என்ற சிறு தீவு. 1960-களின் தொடக்கத்தில் மெத்தில் யூஜினாலும் பூச்சிக்கொல்லியும் ஊறிய அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து தீவு முழுவதும் போட்டார்கள். 1963-ல் அங்கே இந்தப் பழ ஈ அடியோடு ஒழிந்தது. ஜப்பானின் ஒகினாவா தீவுகளிலும் இதே முறையால் 1986-க்குள் ஒழித்தார்கள். சுற்றிலும் கடல் இருந்ததால் புதிய ஈ வந்து சேர வழியில்லை. நமக்குக் கடல் வேலி கிடையாது. நம் ஒற்றுமைதான் வேலி!

ஈ புதிதாக நுழைந்தால் என்ன ஆகும் தெரியுமா? ஆசியாவைச் சேர்ந்த இந்த ஈ 2003-ல் ஆப்பிரிக்காவின் கென்யாவில் கண்டறியப்பட்டது. பிறகு பல நாடுகளுக்குப் பரவி மாம்பழ விவசாயிகளைக் கலங்க வைத்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ரெட்லாண்ட்ஸ் என்ற ஊரில் இது நுழைந்தபோது, 2024-ன் தொடக்கத்தில் சுமார் 2,000 வீடுகளின் மரங்களில் இருந்த பழங்களை அரசே பறித்து அப்புறப்படுத்தியது.

அதனால்தான் வெளிநாடுகள் நம் பழத்தைப் பார்த்துப் பயப்படுகின்றன. பழ ஈக்குப் பயந்து 1986 முதல் இந்திய மாம்பழத்தைத் தடுத்திருந்த ஜப்பான், பழத்தை நீராவி வெப்பத்தில் வைத்து அனுப்ப ஒப்புக்கொண்ட பின் 2006-ல்தான் கதவைத் திறந்தது. 2014 மே மாதம் முதல் தேதியன்று ஐரோப்பிய ஒன்றியமும் நம் மாம்பழத்துக்குத் தடை போட்டது. பாகல், புடலை, கத்தரி ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. மாம்பழத் தடை 2015-ல் நீங்கியது. இப்போது ஐரோப்பாவுக்குப் போகும் மாம்பழங்களை 48 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்து, உள்ளே முட்டையோ புழுவோ இருந்தால் அழித்து அனுப்பும் முறை இருக்கிறது. ஒரு சின்ன ஈ, எத்தனை பெரிய நாடுகளைப் பேச வைத்துவிட்டது பாருங்கள்!

நீங்கள் என்ன செய்யலாம்?

* தோப்பிலோ வீட்டுக் கொல்லையிலோ மா, கொய்யா மரம் இருந்தால், உதிர்ந்து அழுகிய பழங்களை அப்படியே விடாதீர்கள். பெரியவர்களோடு சேர்ந்து ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். ஒரு பழத்தைப் புதைத்தால் ஒரு கூட்டம் ஈ குறையும்.

* மரத்தடி மண்ணைக் கோடையில் உழுது புரட்டச் சொல்லுங்கள். மண்ணில் உறங்கும் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலில் காயும். மைனாவும் கோழியும் கொத்தித் தின்னும்.

* காய் முற்றுவதற்கு ஒன்றரை மாதம் முன்பே பொறி கட்ட வேண்டும் என்பதை வீட்டில் நினைவுபடுத்துங்கள். பழம் கெட்ட பிறகு கட்டிப் பயனில்லை.

* சிறு சோதனை ஒன்று: மாம்பழக் காலத்தில் ஒரு கைப்பிடி துளசியைக் கசக்கி, தாளில் வைத்து மாமரக் கிளையில் தொங்கவிடுங்கள். தள்ளி நின்று பாருங்கள். மஞ்சள் பட்டை போட்ட ஈ வருகிறதா? வந்தால் எத்தனை மணிக்கு, எத்தனை வந்தன என்று குறித்து வையுங்கள்.

* தொங்கும் பொறியை மட்டும் நீங்கள் தொடவே கூடாது! உள்ளே இருப்பது நஞ்சு. மெத்தில் யூஜினாலையும் சாதாரணமாக நினைக்கக் கூடாது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2023-ல் அதைச் சேர்த்திருக்கிறது. பொறி கட்டும் பெரியவர்களும் கையுறை போட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அப்பாவிடம் நீங்கள்தான் இதைச் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் அவர் கேட்பார்.

அடுத்த முறை மாம்பழத்தை நறுக்கும்போது உள்ளே புழு இல்லாமல் இருந்தால், "நல்ல பழம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைக் காப்பாற்ற வெயிலில் நின்று பொறி கட்டிய ஓர் உழவரையும், அவருக்குத் தோள் கொடுத்த பக்கத்துத் தோப்புக்காரரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டு சாப்பிடுங்கள். பழம் இன்னும் கொஞ்சம் இனிக்கும்!